எஸ்விஜி படம் பிடிஎஃப் ஆகும்போது ஏன் வெட்டுப்படுகிறது? கிளிப்பிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்விஜி கோப்பை, அதாவது வடிவங்களை எண்களாலும் சொற்களாலும் விவரிக்கும் படத்தை, நிரல் எழுதிப் பிடிஎஃப் ஆக்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கிளிப்பிங் என்றால் ஒரு வடிவத்துக்குள் விழுவதை மட்டும் காட்டி, வெளியே போவதை மறைப்பது; அந்த வடிவத்தின் விளிம்புதான் கிளிப் பாதை. நான் அதிகம் எழுதியது பைத்தானில், கெய்ரோ, ரிப்போர்ட்லேப் என்ற வரையும் நூலகங்களை வைத்துத்தான், அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும். ஆனால் ஜாவாவில் பிடிஎஃப்பாக்ஸ், நோடில் பிடிஎஃப்கிட் என்று எதில் எழுதினாலும் அடியில் இருப்பது ஒரே பிடிஎஃப், சிக்கலும் ஒன்றேதான்.

படத்தில் ஒரு பகுதி காணவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வெட்டுவது யார் என்று கண்டுபிடிப்பதில் இருந்து. பிடிஎஃப்பில் உங்கள் படத்தை வெட்டக்கூடியவை முக்கியமாக மூன்று. ஒன்று பக்கத்தின் எல்லை, அதாவது மீடியாபாக்ஸும் அதற்குள் இருக்கும் கிராப்பாக்ஸும். இரண்டாவது, ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்காக ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்ட் ஆக வைத்திருந்தால் அதன் பிபாக்ஸ்; இது வெறும் அளவுக் குறிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, அதற்கு வெளியே போகும் எதுவும் தெரியாது. மூன்றாவதுதான் நீங்களோ எஸ்விஜியோ போட்ட கிளிப் பாதை.

எது என்று தெரிந்துகொள்ள நிரலில் கிளிப் செய்யும் வரிகளை எல்லாம் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெட்டுப்பட்டிருந்தால் பக்கமோ பிபாக்ஸோதான் காரணம். படம் முழுதாக வந்துவிட்டால் கிளிப் பாதைதான் காரணம், அந்தப் பாதையை இப்போது கிளிப் செய்யாமல் சிவப்புக் கோடாக வரையச் சொல்லுங்கள். கோடு எங்கே விழுகிறது என்று பார்த்த உடனே பாதிக்கு மேற்பட்ட பிழைகள் பிடிபட்டுவிடும்: கோடு பக்கத்துக்கு வெளியே இருக்கும், தலைகீழாக இருக்கும், அல்லது மூலையில் ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். நான் எழுதும் எந்த மாற்றி நிரலிலும் இதற்கென்று ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஊகித்துச் சரிசெய்யப் போனால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிவிடுவோம், அப்புறம் இரண்டையும் பிரிக்க முடியாது.

வலது ஓரமும் கீழ் ஓரமும் மட்டும் போய்விடுகிறது. ஏன்?

பெரும்பாலும் அலகுதான். எஸ்விஜியில் ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு; பிடிஎஃப்பின் இயல்பான அலகான பாயிண்ட் 72-இல் ஒரு பங்கு. ஏ4 தாள் பிக்சலில் ஏறக்குறைய 794 × 1123, பாயிண்டில் 595.28 × 841.89. பிக்சல் எண்ணை அப்படியே பாயிண்டாக எடுத்து வரைந்தால் படம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும், அகலத்தில் கால்பங்கும் உயரத்தில் கால்பங்கும் தாளுக்கு வெளியே போய்விடும். 0.75-ஆல் பெருக்கினால் சரி. கெய்ரோவின் பிடிஎஃப் பரப்புக்குக் கொடுக்கும் அகலமும் உயரமும் பாயிண்டில்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மாறாக, இடது ஓரமோ மேல் ஓரமோ போயிருந்தால் எஸ்விஜியில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று நான்கு எண்களால் சொல்லும் வியூபாக்ஸின் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். அவை எப்போதும் 0 0 ஆக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வியூபாக்ஸ் -50 -50 200 200 என்று இருந்தால், வரையும் முன் 50, 50 நகர்த்த வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் மட்டும் படித்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் செய்த பழைய கோப்பில் அகலம் 744.09 என்று இருந்தால் அதுவும் ஏ4தான், ஆனால் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற பழைய கணக்கு. 2017-இல் வந்த 0.92 பதிப்பில்தான் அது 96 ஆனது. அந்தக் கோப்புக்கு 0.75 போடக் கூடாது, 0.8 போட வேண்டும்.

முதல் படம் சரியாக வருகிறது. அடுத்தடுத்து வரைந்தவை எதுவுமே தெரியவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிடிஎஃப்பில் கிளிப் பகுதி சுருங்கும், விரியாது. புதிதாக ஒரு கிளிப் போட்டால் பழையது போய்ப் புதியது வருவதில்லை. இரண்டுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சுகிறது. கிளிப்பை அகற்றுவதற்கென்று பிடிஎஃப்பில் கட்டளையே கிடையாது. முன்பே நிலையைச் சேமித்து வைத்து, வேலை முடிந்ததும் அந்த நிலைக்குத் திரும்புவது ஒன்றே வழி. சின்ன எழுத்து ‘க்யூ’ சேமிக்கிறது, பெரிய எழுத்து ‘க்யூ’ மீட்கிறது. கெய்ரோவில் அது சேவ், ரீஸ்டோர். ரிப்போர்ட்லேப்பில் சேவ்ஸ்டேட், ரீஸ்டோர்ஸ்டேட்.

ஒரு அச்சகத்திற்காக ஒரு தாளில் 24 லேபிள் வரும்படி நிரல் எழுதியபோது எனக்கு இதே கதைதான். முதல் லேபிள் அழகாக வந்தது, மீதி 23 இடமும் வெள்ளை. தரவு வரவில்லை என்று நினைத்து ஒரு முழு நாள் தரவுத்தளப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் 24 முகவரியும் வந்து விழுகிறது! எல்லாம் வரையப்பட்டுத்தான் இருந்தது. முதல் லேபிளின் கிளிப்பை நான் மீட்கவில்லை, இரண்டாவது லேபிளின் கிளிப்பும் முதலாவதும் சேரும் இடம் எதுவும் இல்லை, அதனால் அதற்குப் பிறகு எல்லாமே வெறுமை. நகலெடுத்துப் பார்ப்பது ஐந்து நொடி வேலை, அதை முதலிலேயே செய்யுங்கள்.

கெய்ரோவில் ரீசெட்-கிளிப் என்று ஒரு அழைப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது உங்கள் கிளிப்பை மட்டும் அல்ல, உங்களை அழைத்த நிரல் போட்ட கிளிப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும். கெய்ரோவின் ஆவணமே அதைத் தவிர்த்துச் சேவ், ரீஸ்டோர் பயன்படுத்தச் சொல்கிறது. பைத்தானில் வித் தொகுதியாகவோ ட்ரை-ஃபைனலியாகவோ எழுதிவிட்டால் இடையில் பிழை வந்து வெளியேறினாலும் மீட்பு நடந்துவிடும்.

எஸ்விஜியின் கிளிப்பாத்தில் இரண்டு வட்டங்கள். உலாவியில் இரண்டு வட்டத்திலும் படம் தெரிகிறது, பிடிஎஃப்பில் ஒன்றும் இல்லை.

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. கிளிப் பாதையைச் சொல்லும் உறுப்பான கிளிப்பாத்துக்குள் இருக்கும் வடிவங்களை எஸ்விஜி ஒன்றாகச் சேர்க்கிறது: எந்த ஒரு வடிவத்துக்குள் இருந்தாலும் போதும், தெரியும். நீங்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் கிளிப் அழைத்திருந்தால் பிடிஎஃப் அவற்றின் பொதுப்பகுதியைத்தான் எடுக்கும். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு வட்டங்களுக்குப் பொதுப்பகுதி ஏது?

இரண்டையும் ஒரே பாதையின் இரண்டு துணைப்பாதைகளாகச் சேர்த்து, ஒரே ஒரு முறை கிளிப் செய்ய வேண்டும். வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும்வரை இது போதும்.

ஏறினால்தான் தலைவலி. ஒரு புள்ளி பாதைக்கு உள்ளே இருக்கிறதா என்று முடிவுசெய்ய இரண்டு விதிகள் உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து வெளியே போகும் கோடு விளிம்பை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணி, ஒற்றை என்றால் உள்ளே என்பது இரட்டை-ஒற்றை விதி; ஒவ்வொரு வெட்டையும் திசைக்கேற்பக் கூட்டியோ கழித்தோ, சுழி வராவிட்டால் உள்ளே என்பது சுழி-அல்லாத விதி. இரட்டை-ஒற்றை விதியில் கிளிப் செய்தால் ஏறிய இடம் ஓட்டையாகிவிடும். சுழி-அல்லாத விதியில் செய்தால் தப்பிக்கலாம், ஆனால் எல்லா வடிவமும் ஒரே திசையில் சுற்றி வரைந்திருக்க வேண்டும். ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் இருந்தால் ஏறிய இடத்தில் இரண்டும் கூட்டிக் கழித்துச் சுழியாகி அங்கேயும் ஓட்டை விழும். திசை எப்படி மாறும் என்றால், ஒரு வடிவத்துக்கு மட்டும் ஸ்கேல் -1, 1 என்று கண்ணாடித் திருப்பம் இருந்தாலே போதும். முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பினால் பாதிப்பில்லை, ஏனென்றால் எல்லாம் சேர்ந்தே திரும்புகின்றன. உறுதியான வழி, வடிவங்களை முதலில் வடிவியல் முறையில் ஒன்றிணைத்துவிடுவது. பைத்தானில் ஸ்கியா-பாத்ஆப்ஸ் இதை வளைகோடுகளைக் கெடுக்காமல் செய்யும். ஷேப்லியும் செய்யும், ஆனால் வளைவுகளை முன்கூட்டியே சிறு நேர்கோடுகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் வளையத்தின் நடு ஓட்டை அடைத்துக்கொள்கிறதா?

ஆமாம், அதன் மறுபக்கம். எஸ்விஜியில் கிளிப்-ரூல் என்ற பண்பு கிளிப்புக்கு, ஃபில்-ரூல் என்பது நிறம் நிரப்ப. இரண்டும் வேறு. ஃபில்-ரூலை மட்டும் படித்துவிட்டுக் கிளிப்புக்கும் அதையே போடும் மாற்றிகள் உண்டு. கிளிப்-ரூல் சொல்லப்படாவிட்டால் சுழி-அல்லாத விதிதான். பிடிஎஃப்பில் பெரிய எழுத்து ‘டபிள்யூ’ சுழி-அல்லாதது, அதோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் இரட்டை-ஒற்றை. ரிப்போர்ட்லேப் கேன்வாஸ் இயல்பாக இரட்டை-ஒற்றையில் ஓடுவதால் அங்கே விதியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கிளிப் சரியான வடிவில் இருக்கிறது, ஆனால் இடம் தவறு. எப்படி?

வரிசை மாறியிருக்கும். ஒரு உறுப்பில் டிரான்ஸ்ஃபார்மும் (நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல்) கிளிப்-பாத்தும் இரண்டும் இருந்தால், கிளிப் பாதையின் ஆயங்கள் டிரான்ஸ்ஃபார்முக்குப் பிறகான ஆயத்தளத்தில் இருக்கின்றன. ஆக, முதலில் சேமிப்பு, பிறகு டிரான்ஸ்ஃபார்ம், பிறகு கிளிப், பிறகு வரைதல். பலர் முதலில் கிளிப் செய்துவிட்டு நகர்த்துகிறார்கள், அப்போது சன்னல் ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் நிற்கும்.

தலைகீழ்த் திருப்பமும் இதே கதை. எஸ்விஜியில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்கிறது, பிடிஎஃப்பில் மேல்நோக்கி. கெய்ரோவும் பிடிஎஃப்கிட்டும் உங்களுக்காகத் திருப்பித் தந்துவிடும். ரிப்போர்ட்லேப்பிலும் பிடிஎஃப்பாக்ஸிலும் நீங்களே திருப்ப வேண்டும். கிளிப்பைத் திருப்பத்துக்கு முன்பும் படத்தைத் திருப்பத்துக்குப் பின்பும் எழுதிவிட்டால், படம் பக்கத்தின் நடுவில் இருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. அதனால் சோதனைப் படத்தை எப்போதும் ஒரு மூலையில் வையுங்கள்.

கிளிப்பாத் உறுப்புக்கே தனி டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. நேரடியாகப் பிடிஎஃப் எழுதும்போது, அந்த டிரான்ஸ்ஃபார்மின் அணியை (மேட்ரிக்ஸ்) போட்டுக் கிளிப் செய்துவிட்டு அணியை மட்டும் விலக்க நினைத்து மீட்பு அழைத்தால் கிளிப்பும் சேர்ந்து போய்விடும். பாதை வரைந்துகொண்டிருக்கும்போது நடுவில் அணியை மாற்றவும் பிடிஎஃப் அனுமதிப்பதில்லை. பாதையின் ஆயங்களை நிரலிலேயே அணியால் பெருக்கி, பெருக்கிய எண்களை எழுதிவிடுவதுதான் சுத்தமான வழி. கெய்ரோவில் இது எளிது: அணியை எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றி, பாதை வரைந்து, பழைய அணியைத் திரும்பப் போட்டு, அதன் பிறகு கிளிப் அழைக்கலாம்.

ஆப்ஜெக்ட்பவுண்டிங்பாக்ஸ் என்று இருந்தால்?

கிளிப்பாத்தின் அலகைச் சொல்லும் கிளிப்பாத்யூனிட்ஸ் பண்பு அப்படி இருந்தால் எண்கள் 0-க்கும் 1-க்கும் இடையே உறுப்பின் எல்லைப்பெட்டியைப் பொறுத்தவை. அதைக் கவனிக்காமல் வரைந்தால் ஒரு பாயிண்ட் அகலமுள்ள கிளிப் கிடைக்கும், பக்கம் காலியாகத் தெரியும். எல்லைப்பெட்டியின் எக்ஸ், ஒய்க்கு நகர்த்தி, அகலம், உயரத்தால் பெருக்குங்கள். இந்தப் பெட்டியை உறுப்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மால் பெருக்காமல், அதில் எழுதியிருக்கும் ஆயங்களிலேயே கணக்கிட வேண்டும், கோட்டின் தடிமனையும் சேர்க்கக் கூடாது. படுக்கையாக ஒரே ஒரு கோடு இருந்தால் பெட்டியின் உயரம் 0, ஆகவே கிளிப்பின் பரப்பும் 0, கோடு மறைந்துவிடும். அது உங்கள் பிழை அல்ல, அகலமோ உயரமோ இல்லாத உறுப்புக்கு இந்த அலகைப் பயன்படுத்தக் கூடாது என்பது எஸ்விஜி விதி; எஸ்விஜியைத் தயாரித்தவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

கிளிப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு வருகிறது.

ரிப்போர்ட்லேப்பின் கிளிப்பாத் அழைப்பில் ஸ்ட்ரோக் இயல்பாகவே 1. அதை 0 ஆக்குங்கள், போய்விடும்.

பிடிஎஃப் கட்டளைகளை நானே எழுதுகிறேன், கிளிப் வேலையே செய்யவில்லை.

‘டபிள்யூ’ மட்டும் எழுதினால் போதாது. அடுத்து ஒரு வண்ணமிடும் கட்டளை வந்தால்தான் கிளிப் நடைமுறைக்கு வரும். எதுவும் வரைய வேண்டாம் என்றால் சின்ன எழுத்து ‘என்’ போடுங்கள், அது எதையும் பூசாமல் பாதையை முடித்துவைக்கும். பிடிஎஃப்பாக்ஸின் கிளிப் அழைப்பு இரண்டையும் தானே எழுதிக்கொள்கிறது. எழுதிய கோப்பைப் பிரித்துப் பார்க்கக் க்யூபிடிஎஃப் கருவியின் க்யூடிஎஃப் முறை உதவும், சுருக்கம் எல்லாம் நீங்கி சாதாரண எழுத்துத் திருத்தியிலேயே படிக்கலாம்.

கிளிப்பே போடவில்லை. ஆனாலும் அம்புக்குறி முனையும் நிழலும் பாதியில் நிற்கின்றன.

எஸ்விஜிக்குள்ளேயே சொல்லாமல் வெட்டுபவை சில உண்டு. மார்க்கர், சிம்பல், உள்ளே வரும் இன்னொரு எஸ்விஜி உறுப்பு, பேட்டர்ன் ஆகியவற்றுக்கு ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்டிக்கு வெளியே போவதை என்ன செய்வது என்ற பண்பு, இயல்பாகவே ‘மறை’ என்று இருக்கும். அம்பு முனை தன் பெட்டியைத் தாண்டினால் வெட்டுப்படும். ஃபில்டருக்கும் மாஸ்க்குக்கும் ஒரு எல்லை உண்டு, குறிப்பிடாவிட்டால் உறுப்பின் பெட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம் பெரிது. சின்ன உறுப்புக்குப் பெரிய நிழல் போட்டால் அந்த 10 சதவீதம் போதாது. எக்ஸ், ஒய், அகலம், உயரம் நான்கையும் நீங்களே பெரிதாகக் கொடுங்கள்.

படத்தின் விளிம்பிலேயே வரைந்த சட்டம் மெலிந்து தெரிந்தால் அது வேறு. கோட்டின் தடிமன் பாதையின் இருபுறமும் சமமாகப் பரவுகிறது. 0, 0-வில் தொடங்கும் 2 பிக்சல் சட்டத்தில் 1 பிக்சல் வியூபாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும்.

விளிம்பு மங்கலாகக் கரையும் மாஸ்க்கைக் கிளிப் பாதையாக மாற்றலாமா?

முடியாது. கிளிப்புக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டு நிலைதான் உண்டு, பாதி ஒளி கிடையாது. மங்கலான விளிம்புக்குப் பிடிஎஃப் 1.4-இல் வந்த மென்மாஸ்க் வேண்டும். ஆவணக் காப்பகத்துக்கான பிடிஎஃப்/ஏ-1 அதை ஏற்காது, பிடிஎஃப்/ஏ-2 ஏற்கும். வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வாலும் வெட்டுப்படுகின்றன.

எழுத்துரு அளவு 12 என்றால் பெட்டியின் உயரமும் 12 என்று வைத்துக் கிளிப் செய்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு அது பல நேரம் ஒப்பேறிவிடும். தமிழில் ‘கீ’-யின் சுழி மேலே ஏறும், ‘கு’, ‘ழு’, ‘ஞ’ கீழே இறங்கும். எழுத்துருவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் படித்துப் பெட்டி போடுங்கள், அல்லது உண்மையில் மை விழும் எல்லையை அளந்து போடுங்கள்.

ஆனால் ‘கொ’ என்பது உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் அது கிளிப்பிங் அல்ல, ஷேப்பிங், அதாவது எழுத்துகளைச் சரியான வடிவிலும் வரிசையிலும் கோப்பது, நடக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். கெய்ரோவின் எளிய எழுத்து அழைப்பு ஷேப்பிங் செய்யாது, அதைச் செய்யும் பேங்கோ நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தின் வடிவத்துக்குள் படத்தைக் காட்ட வேண்டும் என்றாலும் பேங்கோ வழியாக எழுத்தைப் பாதையாக்கிவிட்டு அந்தப் பாதையால் கிளிப் செய்வதே எனக்குப் பிடித்த வழி.

பக்கத்துப் பக்கத்துக் கிளிப்புகளுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு?

ஒரே விளிம்பை இரண்டு கிளிப்புகள் பகிரும்போது, அந்த விளிம்பு ஒரு பிக்சலின் நடுவே போனால், முதல் வடிவம் அந்தப் பிக்சலில் பாதி பூசும், இரண்டாவது மிச்சத்தில் பாதி பூசும். மொத்தம் 75 சதவீதம், மீதி 25 சதவீதத்தில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். பெரிதாக்கிப் பார்த்தும் கோடு அதே மெல்லிசாகவே இருந்தால் அது திரையில் மட்டும் வருவது. தாளில் பெரும்பாலும் வராது, ஆனால் வாங்குபவர் திரையில்தானே பார்க்கிறார். முதல் வடிவத்தை 0.3 பாயிண்ட் அளவு இரண்டாவதன் அடியில் நீட்டிவிடுங்கள்.

அச்சகம் 3 மில்லிமீட்டர் பிளீட் கேட்கிறது. பின்னணி நிறம் சரியாக வெட்டு விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

பிளீட் என்பது தாளை வெட்டும் கோட்டைத் தாண்டி நிறம் நீள வேண்டிய ஓரம். நீங்கள் ஏ4 அளவுக்கே பக்கமும் கிளிப்பும் போட்டிருப்பீர்கள். பக்கத்தை 216 × 303 மில்லிமீட்டர் ஆக்கி, அதாவது 612.28 × 858.90 பாயிண்ட், மீடியாபாக்ஸையும் பிளீட்பாக்ஸையும் அந்த அளவிலும், வெட்டிய பின் மிஞ்சும் அளவைச் சொல்லும் டிரிம்பாக்ஸை உள்ளே 8.5 பாயிண்ட் தள்ளி ஏ4 அளவிலும் வையுங்கள். வெளிக் கிளிப் ஒன்று இருந்தால் அதையும் பிளீட் வரை நீட்ட வேண்டும், பெட்டியை மட்டும் பெரிதாக்கினால் வெள்ளை விளிம்புதான் கிடைக்கும்.

ரகசியமான பகுதியைக் கிளிப் செய்து மறைத்துக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கிளிப் மறைக்கிறது, நீக்குவதில்லை. என் 24 முகவரியும் வெள்ளைத் தாளில் இருந்து நகலாகி வந்ததைப் போல, நீங்கள் மறைத்த ஆதார் எண்ணும் சம்பளமும் யார் தேர்ந்தெடுத்தாலும் வரும், தேடினாலும் கிடைக்கும். கிராப்பாக்ஸைச் சுருக்குவதும் இதேதான். மறைக்க வேண்டியதை எஸ்விஜியிலேயே அழித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

சரிசெய்தது மறுபடி கெடாமல் பார்ப்பது எப்படி?

ஒரு சின்ன எஸ்விஜி தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்மறை வியூபாக்ஸ் ஒன்று, ஏறிக்கிடக்கும் இரண்டு வட்டக் கிளிப் ஒன்று, அதில் ஒரு வட்டம் கண்ணாடித் திருப்பத்தோடு, மூலையில் சுழற்றிய கிளிப் ஒன்று, ஆப்ஜெக்ட்பவுண்டிங்பாக்ஸ் ஒன்று. ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, பாப்ளர் தொகுப்பின் பிடிஎஃப்டூபிபிஎம் கருவி கொண்டு 150 டிபிஐ படமாக மாற்றி, உலாவி வரைந்த படத்தோடு ஒப்பிடுங்கள். விளிம்பு மென்மையாக்கத்தில் சின்ன வேறுபாடு வரத்தான் செய்யும், அதற்கு ஒரு சகிப்பு அளவு வைத்துவிட்டால் போதும். அதோடு ஒவ்வொரு பக்கத்தின் கட்டளைகளிலும் சின்ன ‘க்யூ’ எத்தனை, பெரிய ‘க்யூ’ எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனையும் சேர்த்திருக்கிறேன். இரண்டும் சமமாக இல்லை என்றால் என் நிரல் கோப்பை வெளியே அனுப்புவதில்லை.